ஓடையில் செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றி: பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கரில் ஏத்தன் வாழை, ஓரத்தில் கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளி). தோட்டத்து மூலையில் கொட்டகை போட்டு 42 வெண்பன்றிகள் வளர்க்கிறார். அதில் ஆறு தாய்ப்பன்றிகள். தீவனத்தில் பாதி, இரண்டு ஹோட்டல்களிலிருந்து டிரம்மில் வரும் மிச்சச் சாப்பாடு. பத்து நாட்களுக்குள் தோட்டத்தை ஒட்டிய ஓடையிலும் அதற்கு மேலேயும் மூன்று காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்திருக்கின்றன. மூன்றாவதின் மூக்கில் ரத்த நுரை. "யாரோ விஷம் வச்சிருக்காவ" என்கிறாராம் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. இரண்டாவது பன்றியை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துக் கறி எடுத்துப் போயிருக்கிறார்கள். வனத்துறையிடம் சொன்னால் கேஸ் ஆகுமோ, கால்நடைத் துறையிடம் சொன்னால் 42 பன்றியையும் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து இதுவரை வாய் திறக்கவில்லை.

அவர் கேட்பது: இது மனிதருக்குத் தொற்றுமா? தடுப்பூசி போட்டால் போதுமா? வியாபாரி கேட்கிற விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? அடுத்த மாதம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு இரண்டு பன்றி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், கொடுக்கலாமா? காட்டுப்பன்றிகளை மொத்தமாகச் சுட்டுவிட்டால் தொல்லை தீராதா?

அன்புள்ள நண்பருக்கு,

இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ உங்கள் கால்நடை மருந்தகத்துக்கோ போன் போடுங்கள். அடுத்து வனச்சரக அலுவலகத்துக்கு. "ஓடையில் மூன்று காட்டுப்பன்றி செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் என் பன்றிப் பண்ணை இருக்கிறது" என்ற இரண்டு விஷயம் போதும். அவர்கள் வரும்வரை செத்த பன்றியின் பக்கம் போகாதீர்கள். நீங்களே குழி தோண்டிப் புதைக்கவும் வேண்டாம். புதைத்துவிட்டால் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வழியில்லாமல் போகும். தோட்டத்து நாயைக் கட்டிப் போடுங்கள். நான் சந்தேகிக்கிற ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற வைரஸ் நோய் நாய்க்கு வராது, ஆனால் வாயில் ஒரு துண்டைக் கவ்வி வந்து கொட்டகை வாசலில் போட்டால் போதும்.

பார்வையை வைத்து நோயைச் சொல்ல முடியாது

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். காரணம் இல்லாமல் இல்லை. 2020-ல் அசாமிலும் அருணாசலத்திலும் இந்தியாவுக்குள் தலைகாட்டிய வைரஸ், 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் தெரிந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. நோயைச் சுமந்து வருவது பெரும்பாலும் மனிதரும் வண்டியும் கறியும்தான்; எனவே மலைத்தொடரின் இந்தக் கோடியில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பக்கத்தில் இருக்கிற நாம் மட்டும் தப்பித்துவிட்டோம் என்று இருக்க முடியாது.

ஆனால் தோன்றுவது வேறு, உறுதியாவது வேறு. மூக்கில் ரத்த நுரை பூச்சிமருந்து விஷத்திலும் வரும், தொண்டை அடைப்பானிலும் வரும், வேறு பல நோய்களிலும் வரும். பழைய பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்கிற இன்னொரு வைரஸ் நோயும் கண்ணுக்கு அச்சு அசல் இதைப் போலவே இருக்கும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கடித்த பன்றிக்கு வாய் சிதைந்திருக்கும், திருட்டு மின்வேலியில் மாட்டியதற்குக் காலில் தீய்ந்த தடம் இருக்கும். இந்த இரண்டை மட்டும்தான் ஓரளவு கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம்.

நான் உண்மையில் அஞ்சுவது அடைப்பான் நோயை, அதாவது ஆந்த்ராக்ஸை. (மேலே சொன்ன தொண்டை அடைப்பான் வேறு நோய்.) 2022-ல் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் செத்த காட்டுப்பன்றிகளில் ஆந்த்ராக்ஸ்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் ரத்தம் வடியச் செத்துக் கிடக்கும் எந்த விலங்கையும், ஆந்த்ராக்ஸ் இல்லை என்று தெரியும்வரை கத்தி வைத்துத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கால்நடை மருத்துவத் தொழிலில் முதல் விதி. வருகிற மருத்துவர் முதலில் காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். அது இல்லை என்றான பிறகுதான் மண்ணீரல், நிணக்கட்டி, டான்சில் துண்டுகளை எடுத்து ஐஸில் வைத்து அனுப்புவார்கள். உடல் அழுகிவிட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை போதும். அதிலும் வைரஸ் தெரியும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இறுதி உறுதி போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தில் நடக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, தொட்டாலும், தின்றாலும். 2009-ல் ஊரெல்லாம் முகக்கவசம் போட வைத்தது ஹெச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ். அதற்கும் இதற்கும் உறவே இல்லை. ஆனால் ஆந்த்ராக்ஸ் தொற்றும். அந்த இரண்டாவது பன்றியை அறுத்தவர் யாரென்று உங்களுக்கு ஜாடையாகவாவது தெரிந்தால், ஆளை விட்டுச் சொல்லி அனுப்புங்கள்: ஒரு வாரத்துக்குள் கையில் வலியில்லாத கொப்புளம் எழும்பி நடுவில் கரும்பொருக்கு தட்டினாலோ, காய்ச்சலோடு வயிற்று வலி வந்தாலோ, செத்த காட்டுப்பன்றியை அறுத்தேன் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலத்தில் சொன்னால் மருந்து இருக்கிறது.

சொன்னால் கேஸ் ஆகுமா? பன்றிகளைக் கொன்றுவிடுவார்களா?

செத்துக் கிடக்கிறது என்று சொல்வது குற்றம் இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றி அரசின் சொத்து. கறியையோ பல்லையோ தோலையோ வைத்திருப்பதுதான் குற்றம். ஜெயில் வரை போகும். மூன்று பன்றி செத்ததை ஒருவர் பார்த்துவிட்டு, இரண்டாவது காணாமல் போய், அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சந்தேகம் யார் மேல் திரும்பும் என்று நீங்களே யோசியுங்கள். போன் போட்ட தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். சொன்னது உங்களுக்குப் பாதுகாப்பு.

கால்நடைத் துறை விஷயத்தில் நீங்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். காட்டுப்பன்றியில் நோய் தெரிந்தால் முதலில் நடப்பது சுற்றுவட்டாரப் பண்ணைகளைப் பார்ப்பது, மாதிரி எடுப்பது, பன்றியும் கறியும் வெளியே போகாமல் தடுப்பது. கொல்லும் உத்தரவு வருவது ஒரு பண்ணைக்குள் நோய் உறுதியானால். அப்போது அந்தப் பண்ணையும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளும் போகும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வளையம் இருக்கும். இழப்பீடு அப்படி உத்தரவின் பேரில் கொல்லப்படும் பன்றிகளுக்குத்தான், எடையைப் பார்த்து. நோயில் தானாகச் செத்துப்போனதற்குக் கிடையாது. மறைத்து வைத்து, முப்பது பன்றி செத்த பிறகு தகவல் சொன்னால், மிச்சம் பன்னிரண்டுக்குத்தான் பணம். இன்றைக்கே எத்தனை பன்றி, என்ன வயது, ஏறக்குறைய என்ன எடை என்று ஒரு தாளில் எழுதி, கொட்டகையோடு சேர்த்து நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவர் வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.

வியாபாரியிடம் விற்பதை மறந்துவிடுங்கள். தொற்று ஏறி அறிகுறி தெரிய 4 முதல் 19 நாள் வரை ஆகலாம். பார்க்க நன்றாக இருக்கிற பன்றி அந்த இடைவெளியில் வண்டி ஏறித்தான் நோய் மாவட்டம் தாண்டுகிறது. வியாபாரி குறைந்த விலை கேட்கிறார் என்றால் அவர் காதுக்கும் ஏதோ எட்டியிருக்கிறது. அதே வண்டி நாலு பண்ணைக்குப் போய்விட்டு உங்கள் வாசலுக்கு வந்திருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். கால்நடை மருந்தகத்தில் போடும் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி பழைய நோய்க்கானது; அதை வருடந்தோறும் போடத்தான் வேண்டும், ஆனால் இந்த வைரஸை அது தடுக்காது. இரண்டும் வேறு வேறு குடும்பத்து வைரஸ். வியட்நாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்தியாவில் அனுமதி பெற்றது எதுவும் இல்லை. யாராவது "வெளிநாட்டு மருந்து" என்று பாட்டிலைக் காட்டினால் காசை வீணாக்காதீர்கள். சிகிச்சையும் கிடையாது. இந்த நேரத்தில் ஊசி போடுகிறவர் யாரையும் கொட்டகைக்குள் விட வேண்டாம். ஒரே ஊசியை நாலு பன்றிக்கும் நாலு பண்ணைக்கும் குத்துவதைவிட வேகமாக இந்த வைரஸைப் பரப்ப வேறு வழி இல்லை. ரத்தத்தில்தான் அது கூடுதலாக இருக்கும்.

காட்டிலிருந்து கொட்டகைக்கு வரும் பாதை

காட்டுப்பன்றி ராத்திரி வந்து உங்கள் பன்றியை முகர்ந்துவிட்டுப் போவது ஒரு வழி. ஆனால் வைரஸ் பெரும்பாலும் உள்ளே வருவது மனிதன் கையில், காலில், வாளியில். உங்கள் தோட்டத்தில் நான் மூன்று ஓட்டைகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, அந்த டிரம். ஹோட்டல் மிச்சத்தில் பன்றிக் கறித் துண்டோ, கறி கழுவிய தண்ணீரோ கலந்திருந்தால் மலையில் ஒரு காட்டுப்பன்றிகூடச் சாகாமலே உங்களுக்கு நோய் வரும். உறைந்த கறியில் இந்த வைரஸ் வருடக்கணக்கில் இருக்கும். உப்புக்கண்டத்திலும் மாதக்கணக்கில் தாங்கும். இப்போதைக்கு ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்குக்கு மாறுங்கள். செலவு கூடும், தெரியும். பிறகு திரும்பக் கொடுப்பதென்றால் 90 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் ஒரு மணி நேரம், அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே வேகவைக்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்கினால் நடுவில் உள்ள கட்டி வேகாது. பச்சைச் சாப்பாடு வந்த டிரம்மில் வெந்ததைத் திரும்ப ஊற்றினால் அத்தனை விறகும் வீண். வெந்ததற்குத் தனி வாளி, தனி அகப்பை.

இரண்டாவது, மரச்சீனியும் வாழையும். காட்டுப்பன்றி தோண்டிப் போட்டது, கடித்து மிச்சம் வைத்தது, சாய்த்துப் போட்ட வாழை மரம் ஆகியவற்றை "வீணாகப் போவதற்குப் பன்றிக்குப் போடுவோம்" என்று கொட்டகைக்குக் கொண்டு வருவது மலையடிவாரத்தில் எல்லோரும் செய்வது. நீங்களும் செய்வீர்கள் என்றே நினைக்கிறேன். இன்றிலிருந்து நிறுத்துங்கள். அதில் எச்சில் இருக்கிறது. ஓடைக்கரைப் புல்லும் அப்படித்தான். ஓடைத் தண்ணீரைக் கொட்டகைக்கு எடுப்பதாக இருந்தால் கிணறோ போர் தண்ணீரோ மாற்றுங்கள்.

மூன்றாவது, செருப்பு. வாழைக்கு மடை திறந்துவிட்டு அதே காலோடு கொட்டகைக்குள் போவது. கொட்டகை வாசலில் தனியாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு பழைய சட்டை, கைலி வையுங்கள்; அவை அங்கேயே கிடக்கட்டும். வாசலில் ஒரு தொட்டியில் கிருமிநாசினி. 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் காஸ்டிக் சோடா கணக்கு. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ரப்பர் கையுறை போடுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். காஸ்டிக் வேண்டாம் என்றால் புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர், 10 லிட்டருக்கு முக்கால் கிலோ. திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. எதுவானாலும் முதலில் பிரஷ் போட்டுச் சேற்றைக் கழுவிவிட்டுத்தான் முக்க வேண்டும். சாணியும் சேறும் ஒட்டிய பூட்ஸை எந்த மருந்தில் முக்கினாலும் உள்ளே இருக்கிற வைரஸை அது தொடாது. தரை, வாளி என்றால் மருந்து அரை மணி நேரம் ஈரமாக நிற்க வேண்டும். தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

வேலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கம்பிவலை பயன்படாது. இரண்டு பக்கமும் நின்று மூக்கோடு மூக்கு உரசும். இணைசேரும் பருவத்தில் தாய்ப்பன்றி இருந்தால் காட்டு ஆண்பன்றி அதைத் தேடி வந்தே தீரும். கொட்டகையிலிருந்து மூன்றடியாவது தள்ளி, ஐந்தடி உயரத்தில் கனமான சங்கிலி வலை, அடியில் ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கிப் புதைத்தது. புதைக்காத வலையைப் பன்றி ஒரே ராத்திரியில் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும்.

தினமும் காலையில் தீவனம் போட்ட பிறகு பத்து நிமிடம் நின்று பாருங்கள். தொட்டிக்கு எழுந்து வராத பன்றிதான் முதல் அடையாளம். அதன் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால், காது, வயிறு, தொடை சிவந்தோ ஊதா நிறமாகவோ இருந்தால், சினைப்பன்றிக்குக் கரு கலைந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இந்த நோயில் ஒரு சூட்சுமம் உண்டு. கோமாரி மாதிரி ஒரே நாளில் கொட்டகை முழுக்கப் பற்றாது. முதலில் ஒன்று சாகும், நாலைந்து நாள் அமைதி, பிறகு இரண்டு, அதற்குப் பிறகுதான் மடமடவென்று. அந்த அமைதியில் "ஒன்றுதானே, வேறு ஏதோ" என்று விட்டவர்கள்தான் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

காட்டுப்பன்றிகளைச் சுட்டுவிட்டால்?

வாழையையும் மரச்சீனியையும் இழந்தவரின் கோபம் புரிகிறது. ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல. ஆப்பிரிக்காவில் இந்த வைரஸைச் சுமக்கும் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வைரஸும் அவையும் காலங்காலமாகப் பழகிவிட்டவை. நம் காட்டுப்பன்றி வேறு இனம், உங்கள் வெண்பன்றியின் மூதாதை இனம். வெண்பன்றியைப் போலவே இதுவும் ஏழெட்டு நாளில் சாகிறது. அதாவது நோயைப் பல காலம் சுமந்து வைத்திருப்பது உயிரோடு ஓடுகிற பன்றியைவிட, செத்துக் கிடக்கிற பன்றிதான். அந்த உடலிலும் அதன் அடி மண்ணிலும் வைரஸ் வாரக்கணக்கில், குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். வேறு பன்றிகள் வந்து அங்கே முகர்ந்து மண்ணைக் கிளறும்.

செக் குடியரசில் 2017-ல் காட்டுப்பன்றிகளில் இந்த நோய் வந்தபோது, நோய் வந்த மையப் பகுதியில் முதலில் வேட்டையைத் தடுத்தார்கள். பன்றிகள் கலைந்து ஓடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். சுற்றிலும் வேலி போட்டு, செத்த உடல்களைத் தேடித் தேடி அகற்றினார்கள். எண்ணிக்கையைக் குறைத்தது அதற்குப் பிறகு. 2019-ல் அந்த நோய்ப்பரவல் முடிந்தது. வெடி வைத்துத் துரத்தினால் நேர்மாறாக நடக்கும்: இந்த ஓடையில் சாக வேண்டியது பத்து கிலோமீட்டர் ஓடி வேறொருவர் ஓடையில் போய்ச் சாகும்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைக் கொல்லக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். மலையடிவாரத்தில் இருக்கிற உங்கள் தோட்டம் இதில் எந்த வளையத்தில் வரும் என்று வனச்சரகரிடமே கேளுங்கள். நோய்ச் சந்தேகம் இருக்கும்போது பிடித்துக் காட்டில் விடுவதும் ஆபத்து என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீட்டு மனு போடுவது தனிக் காரியம். அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொடைக்குக் கொடுத்த வாக்கு

முடிவு வரும்வரை கொடுக்கக் கூடாது. கோயில் பெரியவர்களிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் கைவிரித்தால் அவர்கள் அவசரத்துக்கு எங்கிருந்தோ ஒரு பன்றியை வாங்கி வருவார்கள், அது இன்னும் மோசம். கொடையில் பலியிட்ட பன்றியின் ரத்தம் மண்ணில் விழும், கறி பங்கு பிரிந்து நாற்பது வீட்டுக்குப் போகும், கழுவிய தண்ணீரும் எலும்பும் வேறு நாற்பது பேரின் கொல்லைப் பன்றிக்குப் போகும். நோய் இல்லை என்று முடிவு வந்து, துறையும் நடமாட்டத் தடை போடாவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். தடை இருந்தால் இந்த வருடம் ஆட்டுக்கிடாயோ சேவலோ என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

முடிவு ஆந்த்ராக்ஸ் என்று வந்தால் உங்கள் பன்றிகளைவிட மாடும் ஆடும் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் அவசரம். அந்த ஓடைக்கரையில் மேய்ச்சலை நிறுத்தி, ஊர் மாடு ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போடச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்; அந்த உடல்களைத் துறையினரே எரிக்கவோ புதைக்கவோ செய்வார்கள். விஷம் என்று வந்தால் வனத்துறை பார்த்துக்கொள்ளும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று வந்து, உங்கள் கொட்டகை அதுவரை தப்பியிருந்தால், மேலே சொன்ன பூட்ஸும் வேலியும் தீவன மாற்றமும் இந்த மாதத்தோடு முடிகிற வேலை அல்ல. வெளியே நடமாட்டத் தடை நீங்கிய பிறகும் புதிதாக வாங்கும் பன்றியை முப்பது நாள் தனிக் கொட்டகையில், தனி வாளியில், தனி ஆள் பார்க்க வைத்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேருங்கள்.